தேதியை மட்டும் கொத்திய கை

என் வாய்க்கு ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கிப் போட வேண்டும் என்று முகைதீன் பிச்சை பாய் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் சிரித்துக்கொண்டே, "சாவி யாருகிட்ட இருக்கும் பாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அப்போதே வாங்கிப் போட்டிருந்தால், காசிமாயன் என்கிற கல்தச்சர் ஒரு ராத்திரி முழுக்கச் சாவடித் தூணில் கட்டுண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1939 ஜனவரி 24, சாயங்காலம். உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகிற பஸ் எங்கள் இருவரையும் கொடிக்காம்பட்டி விலக்கில் புழுதியோடு சேர்த்து இறக்கிவிட்டது. பாய், மதுரை காஜிமார் தெருவில் அத்தர் கடை மாடியில் அறை எடுத்துத் துப்பறிகிறவர். குட்டை ஆள், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. நான் பேச்சிமுத்து, அவருக்குக் கையாள். பெட்டி தூக்குவது, ஆட்களை விசாரிப்பது, யாரும் கேட்காமலே தமாஷ் பண்ணுவது, மூன்றும் என் உத்தியோகம்.

எங்களைக் கடிதம் போட்டு வரவழைத்தவர் ஊர்ப் பெரியவர் வெள்ளைத்துரை. விஷயம் ஒரு கல்லைப் பற்றியது. ஏழு வருஷத்துக்கு முன், 1932 ஜனவரி 26, சுயராஜ்ய தினம். தடையை மீறி ஊர்ப் பொட்டலில் கொடி ஏற்றினான் சுருளி என்கிற இளைஞன். போலீஸ் வந்து தடியால் அடித்தது. கொடிமரத்தடியிலேயே அவன் உயிர் போயிற்று என்று ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். மந்திரிசபை மாறி, பயம் தெளிந்த பிறகு, போன வருஷம் அதே தேதியில் அவனுக்குக் கல் நட்டார்கள். மேலே 'தியாகி சுருளி'. கீழே '26-1-1932'. ஆடி மாதத்தில் யாரோ அந்தத் தேதியை மட்டும் கொத்தி அழித்தார்கள். கல்லை முதலில் வெட்டின காசிமாயனே மறுபடி வெட்டிக் கொடுத்தார். நாங்கள் போவதற்கு நாலு நாள் முன்னால் மறுபடி அழித்துவிட்டார்கள். இருபத்தாறாம் தேதி நினைவு நாள். மதுரையிலிருந்து பிரமுகர்கள் வருகிறார்கள். தேதி இல்லாத கல்லுக்கு மாலை போட்டால் ஊர் மானம் என்னாவது?

காப்பிக் கடையில் இதை ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"இதுக்கா மதுரையில இருந்து ஆளு? தேதிய அழிச்சா யாருக்கு லாபம்ணே? திருப்பி வெட்டுறவனுக்குத்தான கூலி! வருசத்துக்கு ரெண்டு தடவை அழிஞ்சா நல்ல பொழப்புதான்!"

கடையே அதிரச் சிரித்தது. நானும் சிரித்தேன். நினைவு நாள் கமிட்டிக் காரியதரிசி அழகுமலை மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு காப்பி சொன்னேன்.

மறுநாள் காலை சாவடிக்குப் போனால், காசிமாயன் தூணோடு கட்டப்பட்டிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். கல் தூசி படிந்த புருவம். அழகுமலைதான் பேசினார்.

"நம்ம தம்பி நேத்தே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாருல்ல! அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஏட்டையா வாராரு. ஒப்படைச்சிர வேண்டியதுதான்."

காசிமாயன் பெயர் போலீஸ் வைத்திருக்கிற ரேகைப் புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகத்தில் பெயர் ஏறின குடும்பத்து ஆம்பளைகள் தினம் ஸ்டேஷனில் தலை காட்ட வேண்டும். ஊர் எல்லை தாண்ட ராதாரிச் சீட்டு வேண்டும். அவர்கள்மேல் ஒரு புகார் என்றால் யாரும் சாட்சி கேட்கப் போவதில்லை. நேராக ஜெயில்தான். நான் காப்பிக் கடையில் எறிந்த தமாஷுக்கு விலை அதுதான்.

"பாய், நான் சும்மா ஒரு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். சும்மாத்தான் சொன்னே" என்றார் பாய். திட்டியிருந்தால் தேவலை.

அப்போது காசிமாயன் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார். "தம்பி, ஒரு வாய் தண்ணி குடுக்கச் சொல்லுங்க."

சாவடியில் பத்துப் பேராவது இருந்தார்கள். யாராவது கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். அதே சமயம் வாசலில் வெள்ளைத்துரை வந்துவிட்டார், பாய் என் தோளைத் தட்டினார், திரும்பிவிட்டேன்.

வெள்ளைத்துரை நெடிய மனிதர். அறுபது வயசு, வெளுத்த கதர். இடது கையைத் துண்டுக்குள் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் நெற்றிக்கு உயர்த்தினார்.

"பெரிய மனுசன் பாய். அரை வணக்கம்தான் வெப்பாரு" என்று பாய் காதில் ஓதினேன். அந்த நிலைமையிலும் எனக்குத் தமாஷ் வந்ததை என்னவென்று சொல்ல! பாய் கிராம்பைக் கடித்தார். அவ்வளவுதான்.

"காசிமாயன் செஞ்சிருக்க மாட்டாருங்க" என்றார் வெள்ளைத்துரை, குரலைத் தாழ்த்தி. "நானும் சொன்னேன். கமிட்டியில கேக்க மாட்டேங்கிறாக."

"நீங்க சொல்லியுமா கேக்கல?"

அவர் தரையைப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள யாருன்னு சொல்லிருங்க பாய். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் போனதும் பாய் சட்டைப் பையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதுல என்ன இல்லன்னு சொல்லு."

"அழகான கையெழுத்து இல்ல."

"வாயை மூடிட்டுப் படிடா."

படித்தேன். 'இக்காரியத்தைச் செய்தவர் இன்னார் என்பதைத் தாங்கள் ஊரார் முன்னிலையில் சொல்ல வேண்டும்.' அதையே இரண்டு இடத்தில் எழுதியிருந்தார்.

"புடிச்சுக் குடுங்கன்னு எங்கயாச்சும் இருக்கா?" என்றார் பாய். "தண்டிக்கணும்னு இருக்கா? சொல்லணும்னுதான் இருக்கு. ஞாபகம் வெச்சுக்க."

கல் இருக்கிற இடத்துக்குக் காசிமாயனையும் கூட்டிப் போக வேண்டும் என்று பாய் பிடிவாதம் பிடித்தார். அழகுமலை முனகிக்கொண்டே தூணிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். ஆனால் அதன் ஒரு நுனியைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டார். தாம்பில் கட்டிய மாட்டைப் போல அந்த மனிதர் பொட்டல் வரை நடந்து வந்தார். தெருவே பார்த்தது. நான் எல்லாருக்கும் பின்னால் நடந்தேன். அவர் முகம் தெரியாத இடமாகப் பார்த்து நடந்தேன் என்பதுதான் நிஜம்.

இடுப்பளவுக் கருங்கல். பெயர் பளிச்சென்று இருந்தது. அடியில் தேதி இருந்த இடம் குதறிக் கிடந்தது.

பாய் குந்தி உட்கார்ந்து தரையைத் தடவினார். "கல் உடைச்ச இடத்துல ஒரு சில்லுகூடக் காணோமே. அழகுமலை, யாரும் பெருக்கினாங்களா?"

"இல்ல பாய். பாத்த அன்னைக்கே சுத்தமாத்தான் கெடந்துச்சு."

"அப்ப கொத்தினவன் துண்டு விரிச்சுச் சில்லைப் பொறுக்கிட்டுப் போயிருக்கான். கெடுக்க வந்தவன் கூட்டிப் பெருக்கிட்டா போவான்?" பாய் திரும்பினார். "காசிமாயண்ணே, இதப் பாத்தா என்ன தோணுது?"

தன்னை அண்ணே என்று கூப்பிட்டதை நம்பாதவர்போல அவர் ஒரு கணம் நின்றார். பிறகு குனிந்து பார்த்தார். அத்தனை நேரம் செத்துக் கிடந்த முகத்தில் கோபம் வந்தது. பயத்தில் வந்த கோபம் அல்ல, தொழில்காரன் கோபம்.

"இது உளி பட்ட எடமே இல்லங்க. உளின்னா கோடு விழுகும். இது ஏதோ மழுங்குன இரும்பு. ஏர்க்கொழுவைக் கையில புடிச்சுக் குத்துன மாதிரி இருக்கு. நான் அழிச்சா, அழிச்ச எடம் தெரியாம வழவழன்னு எறக்கிருவேன். இம்புட்டு அசிங்கமா வேலை செஞ்சா எங்கப்பன் குழியில இருந்து எந்திரிச்சு வந்து அடிப்பாரு."

"சபாஷ்" என்றார் பாய். "பேச்சிமுத்து, இங்க வா. தப்பின அடி எங்கெங்க விழுந்திருக்குன்னு பாரு."

பார்த்தேன். பழக்கமில்லாத கை. தேதிக்கு இடப்பக்கம் வடு, வலப்பக்கம் வடு, அடியில் நாலைந்து வடு. மேல் பக்கம், பெயருக்கும் தேதிக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடம்தான். அங்கே ஒரு கீறல்கூட இல்லை.

"மேல மட்டும் எப்படித் தப்பாம அடிச்சான்?"

"தப்பாம அடிக்கல" என்றார் பாய். தன் இடது உள்ளங்கையை விரித்து 'சுருளி' என்ற பெயர்மேல் வைத்து மூடினார். வலது கையால் குத்துகிறமாதிரி ஜாடை காட்டினார். "தப்பின அடியெல்லாம் எங்க விழுகும்?"

நான் அந்தக் கையையே பார்த்தேன். "கை மேல."

'ளி'யின் வளைவுக்குள்ளே காய்ந்த கறை ஒன்று இருந்தது. வெற்றிலைச் சாறாக இருக்கும் என்று முதலில் நான் நினைத்தது, ரத்தம்.

அழகுமலை சட்டென்று காசிமாயன் கையைப் பிடித்துத் தூக்கினார். "பாருங்க பாய்! கட்டை விரல் நகம் கறுத்துப் போயிருக்கு!"

"கல்தச்சன் கையில காயம் இல்லாமயா இருக்கும்?" என்றார் காசிமாயன் அலுப்பாக.

"அவருக்குக் காயம் உளி பிடிக்கிற விரல்ல. நமக்கு வேண்டியது புறங்கையில" என்றார் பாய்.

"அப்ப ஊர்ல இருக்கிற அம்புட்டுப் பேர் புறங்கையையும் பாத்துருவோம்" என்றேன்.

"கை கடைசியில பாப்போம். பேரைக் காப்பாத்தத் தன் கையவே குடுத்திருக்கான். அப்பேர்ப்பட்டவனுக்குத் தேதி மேல என்னடா அம்புட்டு வெறுப்பு?"

ஜனன மரணப் பதிவைப் பார்க்கலாம் என்றால் அது தாலுகா ஆபீசில் இருக்கிறது. எழுதிப்போட்டுப் பார்க்க வாரக் கணக்காகும். எங்களுக்கு இருந்தது அஞ்சு மணி வரைக்கும்தான். கயிற்றின் நுனியோடு காசிமாயனை மறுபடி தூணுக்குக் கூட்டிப் போனார்கள். நானும் பாயும் சுருளியின் பெண்சாதி ஒச்சாயியைத் தேடிக் கிழக்கே மொச்சைக் காட்டுக்குப் போனோம்.

மடியில் மொச்சைக்காய் பறித்துக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துத் திருப்பிக் காட்டினாள். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். கையில் மொச்சைப் பிசுக்கைத் தவிர ஒன்றும் இல்லை.

"நீங்க வாரது எனக்கு முன்னாடி சேதி வந்துருச்சு பாய். நான் கொத்தல. அந்தக் கல்லுப் பக்கமே நான் போறதில்ல."

"ஏம்மா? ஊரே கொண்டாடுதே."

"கொண்டாடட்டும்."

மறுபடி குனிந்து காய் பறிக்க ஆரம்பித்தாள். பாய் அவர் பாட்டுக்கு என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். மதுரைக்காரர் அவர்; நான் பிறந்து வளர்ந்த இந்தப் பக்கத்து வீடுகளில் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். என்னால் கட்டுண்ட மனிதருக்காக ஒன்றாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

"அக்கா, அண்ணனுக்குக் கருமாதி என்னைக்கு நடந்துச்சு?"

அவள் கை நின்றது.

"ஏழு வருசத்துல இதக் கேட்ட மொத ஆளு நீதான் தம்பி" என்றாள். "மாசி பொறந்த அன்னைக்கு."

பாய் தொழுகைக்குப் பின் தஸ்பீஹ் எண்ணுகிற பழக்கத்தில் விரல் கணுக்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். கருமாதி பதினாறாம் நாள். அந்த வருஷம் ஜனவரி 26 என்பது தை 13. அன்றைக்குச் செத்திருந்தால் பதினாறாம் நாள் தை 28. மாசி முதல் தேதி எப்படி வரும்? தைக்கு இருபத்தொன்பது நாளோ முப்பது நாளோ, ரெண்டு மூணு நாள் இடிக்கிறதே.

"ஒருவேளை தள்ளி வெச்சிருப்பாங்களோ?" என்றார் பாய்.

"கருமாதியை முன்னாடி வேணா முடிப்பாங்க பாய். மூணாம் நாள், ஏழாம் நாள்னு. தள்ளி வெக்கிற வழக்கம் எங்க பக்கம் கெடையவே கெடையாது. அது செத்தவுகள வாசல்ல நிக்க வெக்கிற மாதிரி."

"மூணு நாளு" என்றாள் ஒச்சாயி. எங்களைப் பார்க்காமல், மொச்சைச் செடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "செவ்வாக்கெழம கொடி. அன்னைக்கே போலீஸ்காரவுக என்னையப் புடிச்சுட்டுப் போயி வேற ஊர்ச் சத்திரத்துல ஒக்கார வெச்சுட்டாக, இவுக எங்கன்னு கேட்டு. கொடிமரத்தடியில செத்தவர எதுக்குத் தேடணும்? வெள்ளிக்கெழம சாயங்காலம் விட்டாக. வந்து பாத்தா குளிப்பாட்டிக் கெடத்தியிருக்காக. செவ்வாக்கெழமையே போயிட்டாருன்னு ஊரே ஒரே வாயாச் சொல்லுது. நான் ஒடம்பைத் தொட்டுப் பாத்தேன் பாய். மூணு நாளு ஆன ஒடம்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? காதோரம் முடியில வைக்கோல் இருந்துச்சு. பொட்டல்ல ஏது வைக்கோல்?"

எனக்கு மெல்ல விளங்கியது. விளங்கியபோது விளங்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. அடிபட்ட சுருளி மூன்று நாள் உயிரோடு இருந்திருக்கிறான். இந்த ஊரிலேயே இருந்திருக்கிறான்.

"கதவு கதவாத் தட்டியிருக்காரு" என்றாள். "தொறந்த வீட்டு ஆம்பளைக பேரெல்லாம் ரேகைப் புஸ்தகத்துல ஏத்தீருவோம்னு போலீஸ் தண்டோராப் போட்டுட்டுப் போச்சாம். ஒருத்தரும் தொறக்கல."

"இம்புட்டு நாள் நீ ஏம்மா கேக்கல?"

"எந்தக் கதவுன்னு கேக்கச் சொல்றீக? கேட்டா எல்லாக் கதவையும் கேக்கணும். அப்புறம் எந்தக் கெணத்துல தண்ணி எறைக்கிறது? அறுப்பு முடிஞ்சா ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஒரு மரக்காத் தானியம் என் வாசல்ல இருக்கும். எதுக்குன்னு அவுக சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. திங்கிறேன்ல பாய், எனக்கு மட்டும் மானம் என்ன வாழுது?"

பாய், "யா அல்லா" என்றார்.

ஊருக்குள் வந்து, 1932-இல் புதன்கிழமை, வியாழக்கிழமை சுருளி எங்கே இருந்தான் என்று நாலு வீட்டில் கேட்டேன். ஒரு வீட்டில் அடுப்பில் வேலை இருந்தது. ஒரு வீட்டில் மாட்டுக்குக் காய்ச்சல். மற்ற இரண்டு வீட்டில் பதிலே சொல்லாமல் கதவைச் சாத்தினார்கள்.

"கொத்துனது அழகுமலைதான் பாய்" என்றேன். "குற்றவாளிதான் முந்திக்கிட்டு அடுத்தவனைக் கட்டிப் போடுவான். ஒரு பந்தயம் கட்டுவமா?"

"நேத்துக் கட்டின பந்தயமே இன்னும் தூண்ல கெடக்கு" என்றார் பாய்.

அஞ்சு மணிக்குப் பொட்டலில் ஊர் கூடிவிட்டது. ஏட்டையாவும் பஸ்ஸில் வந்து இறங்கி, சைக்கிள் இல்லாத கோபத்தோடு நடந்து வந்தார். கயிற்று நுனியோடு அழகுமலை, மறு நுனியில் காசிமாயன். ஒச்சாயி எல்லாருக்கும் பின்னால் வந்து நின்றாள். அவளை அங்கே பார்த்ததும் கூட்டம் கொஞ்சம் ஒதுங்கியது.

பாய் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஆளைக் கண்டுபிடிச்சாச்சு. அதுக்கு முன்னாடி ஒரு காரியம். இது தியாகி கல். நாளைக்குப் பெரியவங்க வந்து மரியாதை செய்வாங்க. அதுக்கு முந்தி உள்ளூர்க்காரங்க நாம ஒரு கும்பிடு போட்டுருவோம். என்ன சொல்றீங்க?"

யார் மறுப்பார்கள்? கூட்டம் மொத்தமும் கை குவித்தது. நான் அழகுமலையையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையும் சேர்த்து, கண்ணை மூடிக் கும்பிட்டார். புறங்கை சுத்தமாக இருந்தது. என் பந்தயம் அங்கேயே தோற்றது.

பாய் என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் முதல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒருவர் மட்டும் வலது கையை நெற்றிக்கு உயர்த்தியபடி நின்றார். இடது கை துண்டுக்குள் இருந்தது.

அரை வணக்கம். காலையில் நானே கண்ணால் பார்த்து, தமாஷாக்கி, காற்றில் விட்ட துப்பு அது.

"பெரியவரே" என்றார் பாய் மெதுவாக. "சுருளிக்கு ரெண்டு கையாலயும் கும்பிடலாமே."

வெள்ளைத்துரை நிமிர்ந்தார். அவர் முகத்தில் பயம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ரொம்ப நாளாக வராத பஸ் வந்துவிட்டதுபோல ஒரு பார்வை பார்த்தார். துண்டை விலக்கினார். இடது புறங்கை கறுத்து வீங்கியிருந்தது. நடு விரல் கோணிக் கிடந்தது.

"பெரியவரே, சும்மா இருங்க" என்றார் அழகுமலை.

"இல்ல மாப்ள. ஏழு வருசமாச் சும்மா இருந்தாச்சு." வெள்ளைத்துரை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நான்தான் கொத்துனேன். ஆடியிலயும் நான்தான், இப்பவும் நான்தான். கல்லுக்கு இருபத்தாறுன்னு போடுங்கன்னு சொன்னவனும் நான்தான். சுருளி சுயராஜ்ய நாள்ல போயிட்டாருன்னா ஊருக்குப் பெருமைன்னு சொன்னேன். ஒருத்தரும் மாத்திப் பேசல. ஏன்னு ஒங்களுக்கே தெரியும்."

அவர் கல்லின் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கெழம விடியக்காலம் என் கதவத் தட்டுனான். 'பெரியப்பா, தண்ணி'ன்னான். நான் உள்ள நின்னேன். இந்தக் கை தாழ்ப்பாள் மேலதான் இருந்துச்சு." கோணிய விரலோடு அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார். "என் மகனுக்கு அப்பத்தான் பதினெட்டு. அவன் பேரு புஸ்தகத்துல ஏறிரும்னு நெனச்சேன். தாழ்ப்பாளப் புடிச்சுக்கிட்டே நின்னேன். கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுபோச்சு. விடிஞ்சு பாத்தா என் வைக்கோல் படப்புலதான் செத்துக் கெடந்தான். ஊருக்குப் பொய் சொல்லிட்டேன். கருமாதிக்கு மட்டும் சொல்ல முடியல. பதினாறு எண்ணித்தான் நாள் குறிச்சேன்."

"ஏன் எங்களக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

"நானாச் சொல்ல வாய் வரல தம்பி. வேற ஆளு யாராச்சும் கண்டுபிடிச்சுச் சொன்னா, ஆமான்னு சொல்லிரலாம்னு நெனச்சேன். காலையில சாவடியில இவரக் கட்டியிருக்கப் பாத்து, சொல்லீரணும்னுதான் வந்தேன். அப்பவும் வரல."

கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "எங்க வீட்டுக்கும் வந்தாரு" என்றாள். சன்னமான குரல். அப்புறம் ஒரு கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அழகுமலை கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "புதன்கெழம எங்க வீடு" என்றார். அவ்வளவு நேரம் அதட்டிக்கொண்டிருந்த ஆள், சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ஒச்சாயி யாரையும் பார்க்கவில்லை.

ஏட்டையா தொண்டையைச் செருமினார். "அப்ப நான் யாரக் கூட்டிட்டுப் போறது?"

"என்னையக் கூட்டிட்டுப் போங்க" என்றார் வெள்ளைத்துரை.

"ஊர்க் கல்லை ஊர்ப் பெரியவர் கொத்தினா புகார் குடுக்க யாரு இருக்கா? ஆறு மணி பஸ்ஸைப் பிடிங்க ஏட்டையா" என்றார் பாய். ஏட்டையா தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு நடந்தார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பாய் முடிக்கவில்லை.

"ஒரு சங்கதி பாக்கி" என்றார். "அன்னைக்கு ஒருத்தர் தண்ணி கேட்டாரு, குடுக்கல. போலீஸ் பயம், சரி. இன்னைக்குக் காலையில சாவடியில இன்னொருத்தர் தண்ணி கேட்டாரு. இன்னைக்கு என்ன பயம்?"

அவர் ஊரைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி நேராக என் மேல்தான் வந்து விழுந்தது. என்னிடம்தானே கேட்டார் அந்த மனிதர்! சாவடியில் பத்துப் பேர் இருக்க, என் முகத்தைப் பார்த்துத்தானே கேட்டார்! நான் கொடுக்கவில்லை. ஊர்க்காரர்களுக்காவது பிள்ளைகள் இருந்தார்கள், புத்தகம் இருந்தது. எனக்கு ஒரு காரணமும் இல்லை. என் கூசிய முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கீழே கிடந்த கயிற்றை முதலில் நான் தொட்டேன். காசிமாயன் மணிக்கட்டில் முடிச்சை அவிழ்த்தேன். தோல் உரிந்திருந்தது.

அவர் எதுவும் நடக்காததுபோலக் கல்லுக்கு முன்னால் போய்க் குந்தி, குதறின இடத்தைத் தடவிப் பார்த்தார். "தேய்ச்சு எறக்கிட்டு வெட்டலாம். கை மரத்துப் போயிருக்கு, காலையில வெட்டுறேன். என்ன தேதி போடணும்னு யாராச்சும் வாயத் தொறந்து சொல்லுங்க."

நாளைக்குப் பிரமுகர்கள் வருவார்கள், இருபத்தாறாம் தேதிக் கூட்டத்தில் இருபத்தொன்பது என்று வெட்டிய கல் நிற்கும், ஏன் என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொருத்தர் முகத்திலும் அந்தக் கணக்கு ஓடியது.

"இருபத்தொம்பது" என்றார் வெள்ளைத்துரை. வீங்கிய கையையும் வலது கையையும் சேர்த்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லைக் கும்பிட்டார்.

"இருபத்தொம்பது" என்றார் அழகுமலை. அப்புறம் பின்னால் இரண்டு மூன்று பேர். சிலர் சொல்லாமலே கலைந்து போனார்கள். அவர்களையும் நான் குற்றம் சொல்ல முடியாது.

நான் காப்பிக் கடைக்கு ஓடினேன். ஒரு செம்பு வாங்கி, பானைத் தண்ணீரை மொண்டு, தளும்பத் தளும்பக் கொண்டுவந்தேன். காசிமாயன் கல்லடியிலேயே உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கடையில நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கங்க. தண்ணி..."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"காலையில கேட்டேன் தம்பி" என்றார். "இப்பத் தாகமில்ல."

பஸ் ஹாரன் கேட்டது. பாய் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு விலக்கை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் செம்பைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.